அசல் பழமையா, ஒட்டுப்போட்ட பழமையா?

கேள்வி: ‘நூறாண்டுப் பாரம்பரியம்’ என்று பலகை வைத்த உணவகங்கள், பார்களின் உள்ளலங்காரம் அசல்தானா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: பலகையில் இருப்பது பெரும்பாலும் தொழில் தொடங்கிய ஆண்டு, அறையின் வயது வேறாக இருக்கலாம். பழைய புகைப்படங்களைத் தேடி, எளிதில் நகர்த்த முடியாத கவுண்டர், கூரை, தரை மூன்றையும் ஒப்பிடுங்கள், நாற்காலியை நம்பாதீர்கள். வாசலிலும் கவுண்டருக்கு முன்னும் தரை அதிகம் தேய்ந்திருக்க வேண்டும். எங்கும் ஒரே சீராகத் தேய்ந்திருந்தால் அது உப்புத்தாளின் கைவண்ணம்! கூட்டல் குறி வெட்டுள்ள திருகுகள் 1930களில்தான் பரவின. 1900ஆம் ஆண்டு மரவேலை என்கிற இடத்தில் அவை தென்பட்டால், பின்னாளில் யாரோ கைவைத்திருக்கிறார்கள். அது வெறும் பழுதுபார்ப்பாகவும் இருக்கலாம், உடனே ஒதுக்கிவிட வேண்டாம். பழைய கண்ணாடிகளின் ஓரத்தில் வெள்ளிப்பூச்சு கறுத்திருக்கும்.

அளவைப் பார்த்து ஏமாறாதீர்கள். வியன்னாவில் கட்டடக் கலைஞர் அடோல்ஃப் லூஸ் 1908இல் வடிவமைத்த அமெரிக்கன் பார் மிகச் சிறிய அறை. மேல்சுவர்க் கண்ணாடிகள்தான் அதைப் பெரிதாகக் காட்டுகின்றன. கூட்டமில்லாத பிற்பகலில் போங்கள், பகல் வெளிச்சத்தில் எல்லாம் தெரியும்.