கொச்சியில் வெள்ளி, சனி இரண்டே நாள்தான் இருக்கிறது. சுற்றியுள்ள தீவுகளுக்கும் போக முடியுமா?

தாராளமாகப் போகலாம். சொல்லப்போனால், உங்கள் கிழமைக்குத் தீவுகள்தான் சரி. மட்டாஞ்சேரி அரண்மனைக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. அதன் பக்கத்திலேயே இருக்கும் 1568-ஆம் வருடத்து யூத ஜெபாலயம் வெள்ளி மதியத்துக்கு மேல் மூடிவிடும், சனிக்கிழமை திறக்கவே திறக்காது. போன வருடம் கோவையிலிருந்து ரயிலேறிப் போய், அரண்மனை வாசலில் பூட்டைப் பார்த்துக்கொண்டு நின்ற குடும்பம் எங்களுடையது. "முன்னாடியே பார்த்திருக்கலாம்ல" என்று வீட்டுக்காரர் என்னைக் கேட்டார். டிக்கெட் போட்டவர் அவர்.

வேறு வழியில்லாமல் தண்ணீர்ப் பக்கம் திரும்பினோம். அதுதான் நல்லதாகப் போயிற்று.

முதலில், வாடகைக் கார் வேண்டாம். எர்ணாகுளத்திலிருந்து ஃபோர்ட் கொச்சிக்கு ரோட்டில் போனால் பாலம் பாலமாகச் சுற்ற வேண்டும், டிராஃபிக்கில் பொழுது போய்விடும். படகில் இருபது நிமிடம். சவுத் ஸ்டேஷனில் இறங்கி ஆட்டோக்காரரிடம் "போட் ஜெட்டி" என்றால் போதும். கேரள அரசின் பழைய படகில் நாங்கள் கொடுத்தது ஆளுக்கு ஆறு ரூபாய். 2023 ஏப்ரலில் வந்த வாட்டர் மெட்ரோவும் இருக்கிறது. பேட்டரியில் ஓடும், ஏசி உண்டு, சத்தமே இல்லை. வயதானவர்களுக்கு ஏறி இறங்க அதுதான் வசதி. ஆனால் கண்ணாடிக்குள் உட்கார்ந்து பார்க்க வேண்டும். உப்புக்காற்று முகத்தில் அடிக்க வேண்டுமென்றால் பழைய படகுதான்.

படகு கடந்து போகும் வெல்லிங்டன் தீவின் பெரும்பகுதி இயற்கையானதே இல்லை. முகத்துவாரத்தில் மணல்திட்டு மறித்துக் கிடந்ததால் பெரிய கப்பல்கள் வெளியிலேயே நங்கூரமிட்டு நின்ற காலம் ஒன்று இருந்தது. 1920-ல் வந்த ராபர்ட் பிரிஸ்டோ என்ற பொறியாளர் அந்தத் திட்டை வெட்டிக் கால்வாய் போட்டார். தோண்டிய மண்ணைக் கொட்டிக் கொட்டி, வெண்டுருத்தி என்ற பழைய தீவை ஒட்டி ஒரு புதுத் தீவையே உண்டாக்கிவிட்டார்கள். இறங்கிப் பார்க்க அங்கே பெரிதாக ஒன்றுமில்லை. துறைமுகம், கிடங்குகள், கடற்படை அவ்வளவுதான். படகிலிருந்தே பார்த்துக்கொள்ளுங்கள்.

'வைப்பின்' என்ற தீவின் கதை வேறு. ஃபோர்ட் கொச்சியில் சீன வலைகளைப் பார்த்துவிட்டு, அங்கிருந்தே வண்டிகளையும் ஏற்றிப்போகும் ஜங்கார் படகில் ஏறினால் சில நிமிடங்களில் எதிர்க்கரை. கார், பைக், சைக்கிள், மீன்கூடை, மனிதர்கள் எல்லாம் ஒரே தட்டில் நிற்கும். 1341-ல் பெரியாறு பெருக்கெடுத்து, சங்கப் பாட்டில் வரும் முசிறித் துறைமுகம் தூர்ந்துபோய்க் கொச்சியின் வாய் அகன்றது என்பார்கள். அப்போது கடலும் ஆறும் கொண்டுவந்து வைத்த நிலம்தான் வைப்பு, வைப்பின். அந்த வருடத்தை முதலாகக் கொண்டு 'புதுவைப்பு' என்று தனி ஆண்டுக்கணக்கே இருந்திருக்கிறது. நம்மைப் போன்ற தமிழ்க்காரர்களுக்கு இதற்கு மொழிபெயர்ப்பே வேண்டாம், இல்லையா? ஜங்காரில் நிற்கும்போது கடல் பக்கம் பார்த்துக்கொண்டே இருங்கள். எங்களுக்கு இரண்டு டால்பின்கள் முதுகைக் காட்டிவிட்டுப் போயின.

என் அத்தைக்கு (மாமியார்) தண்ணீர் என்றாலே ஆகாது. ஜங்காரில் என் கையை விடவே இல்லை. அவருக்காகவே அடுத்து வல்லார்பாடம் தீவுக்குப் போனோம். அங்கே மாதா கோவிலில் ஒரு கதை சொல்கிறார்கள். 1752-ல் படகு கவிழ்ந்து காயலில் மூழ்கிய மீனாட்சி அம்மாவும் அவர் கைக்குழந்தையும் மூன்றாம் நாள் உயிரோடு மீட்கப்பட்டார்களாம். அதன்பிறகு அந்தம்மா கோவில் முற்றத்தைப் பெருக்கியே காலம் கழித்தாராம். இன்றும் அங்கே நேர்ச்சை என்றால் துடைப்பம் எடுத்து முற்றம் பெருக்குவதுதான். கதையைக் கேட்டதும் அத்தை செருப்பைக் கழற்றிவிட்டுத் துடைப்பத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டார். அரை மணி நேரம் ஆளைப் பிடிக்க முடியவில்லை. 2004-ல் கோஸ்ரீ பாலங்கள் வந்தபிறகு இந்தத் தீவுகளுக்கு பஸ்ஸும் உண்டு, திரும்பும்போது அதில் வந்தோம்.

சனிக்கிழமைக்கு இரண்டு இடம் சொல்கிறேன். ஒன்று, ஃபோர்ட் கொச்சியில் 'வெளி' என்ற மைதானத்துப் பக்கம் இருக்கும் தோபிகானா என்ற சலவைக்கூடம். அங்கே துவைப்பவர்கள் தலைமுறைகளுக்கு முன்பு சிப்பாய்களின் உடுப்பு வெளுக்கக் கூட்டிவரப்பட்ட தமிழ் வண்ணார் குடும்பங்கள். முறுக்கிய கயிற்றின் புரிக்குள் துணி முனையைச் செருகிக் காயப்போடுகிறார்கள், கிளிப்பே கிடையாது. கரிப்பெட்டியால் தேய்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மாவிடம் "எந்த ஊரும்மா நீங்க?" என்றேன். "இந்த ஊர்தான் கண்ணு" என்றார், நல்ல தமிழில்.

இன்னொன்று கடமக்குடி. இதற்கு மட்டும் காரோ ஆட்டோவோ எடுங்கள். வரப்புழா பக்கம் காயலுக்குள் சிதறிக் கிடக்கும் குட்டித் தீவுகள். மழைக்காலத்தில் உப்பைத் தாங்கும் பொக்காளி நெல். அறுப்பில் கதிரை மட்டும் கொய்துகொண்டு தாளைத் தண்ணீரிலேயே விட்டுவிடுவார்கள். அது அழுகி, அடுத்து அதே வயலில் விடும் இறாலுக்கு இரையாகும். நாங்கள் போனது ஜனவரி, நெல் இல்லை, வயல் முழுக்கத் தண்ணீரும் கொக்கும்தான். வரப்போரக் கடை ஒன்றில் கரிமீன் பொரித்துக் கொடுத்தார்கள். குடையும் தண்ணீர் பாட்டிலும் கட்டாயம் எடுத்துப் போங்கள், ஒதுங்க நிழல் கிடையாது.

அரண்மனையை நாங்கள் இன்னும் பார்க்கவில்லை. அடுத்த முறை செவ்வாய்க்கிழமை போவதாக இருக்கிறோம். அத்தை மட்டும் கிழமையைப் பற்றிக் கேட்கவில்லை, பழைய படகா புதுப் படகா என்றுதான் கேட்டார்.