அந்தப் பாட்டைக் கேட்டால் மட்டும் ஏன் இப்படி ஆகிறது? – கேள்வி பதில்

வேலூர்ப் பக்கம் ஆஸ்பத்திரிகளில் ஸ்பீச் தெரபிஸ்டாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். பக்கவாதத்தில் பேச்சு போனவர்கள், மறதி நோய் வந்தவர்கள், காது மந்தமானவர்கள், இவர்களோடுதான் என் காலம் போனது. அதனால் பாட்டையும் ஞாபகத்தையும் பற்றி யாராவது கேட்டால் எனக்கு வாய் ஓயாது. கேள்வி அனுப்பச் சொன்னேன், நிறைய வந்தன, ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். நோயாளிகளைப் பற்றிச் சொல்லும் இடங்களில் ஆள் தெரியாதபடி மாற்றியிருக்கிறேன்.

சத்துவாச்சாரி, வயது 49: அக்கா, போன வருஷம் வந்த பாட்டு ஒன்றுகூட மனசில் நிற்கவில்லை. பிளஸ் டூவிலும் காலேஜிலும் கேட்டது மட்டும் வரி தப்பாமல் இருக்கிறது, கூடவே அந்த டவுன் பஸ், நண்பர்கள், ஹாஸ்டல் சாம்பார் வாசனை வரைக்கும் வந்துவிடுகிறது. எனக்கு வயசாகிவிட்டதா, இல்லை இப்போது வரும் பாட்டு மோசமா?

இரண்டும் இல்லை. வயசானவர்களிடம் அவர்கள் வாழ்க்கையைக் கேட்டுக் குறித்துக்கொண்டே போனால், பத்து வயசுக்கும் முப்பதுக்கும் நடுவில் நடந்தவைதான் மற்ற எல்லாவற்றையும்விட அதிகமாக வரும். பாட்டு விஷயத்தில் இது இன்னும் முன்னாலேயே, பதினாலு பதினைந்து வயசை ஒட்டியே உச்சத்துக்குப் போகிறது. காரணம் ஒன்றே ஒன்று என்று சொல்ல முடியாது. முதல் காதல், முதல் சம்பளம், வீட்டை விட்டு வெளியூரில் முதல் ராத்திரி எல்லாம் அந்தக் காலத்தில்தான், 'நான் இந்த மாதிரி ஆள்' என்று ஒருவர் முடிவு செய்வதும் அப்போதுதான், பாதிப் பேர் அதை ஒரு பாட்டை வைத்தே முடிவு செய்திருப்போம். டீக்கடையில் இளையராஜா கட்சி, ரஹ்மான் கட்சி என்று சண்டை போடுகிறவர்களைப் பாருங்கள். 1976இல் பதினைந்து வயசாக இருந்தவரும் 1992இல் பதினைந்து வயசாக இருந்தவரும் அவரவர் பதினைந்து வயசுக்காக மல்லுக்கட்டுகிறார்கள், அவ்வளவுதான் விஷயம்.

இன்னொன்றும் உண்டு. தாளில் பாட்டு எழுதிக் கொடுத்து, கேசட் கடைக்காரர் பதிவு செய்து தரும்வரை காத்திருந்து, வாங்கி வந்து, நாடா தேயும்வரை அதே பாட்டுகளைக் கேட்ட ஆள் நீங்கள். இப்போது பிடிக்கவில்லையென்றால் பத்து நொடியில் விரலால் தள்ளிவிடுகிறீர்கள். அப்புறம் எங்கே ஒட்டும்?

காட்பாடி, வயது 21: நான் பிறந்தது 2004. ஆனால் எண்பதுகளின் பாட்டு கேட்டால் கண் கலங்குகிறது. நான் வாழாத காலத்துக்கு எனக்கு எப்படி ஏக்கம் வரும்?

நீ தனி ஆள் இல்லை தம்பி. அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் இருபது வயசுப் பிள்ளைகளுக்குப் பல வருஷங்களின் ஹிட் பாட்டுகளைப் போட்டுக் காட்டியிருக்கிறார்கள், 2013இல் அந்த ஆய்வு வெளிவந்தது. தங்கள் காலத்துப் பாட்டோடு, அப்பா அம்மா இளைஞர்களாக இருந்த காலத்துப் பாட்டும் அவர்களை அசைத்தது. உனக்கு வருவதும் உன்னுடைய சொந்த ஞாபகம்தான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அப்பா வண்டி துடைத்துக்கொண்டே முணுமுணுத்தது, காரில் பின் சீட்டில் தூங்கிக்கொண்டே கேட்டது என்று ஏதாவது இருக்கும். அப்பாவிடம் அந்தப் பாட்டு அவருக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்டுப் பார். நல்ல கதையாக வரும், கொஞ்சம் நெளிந்தாலும் நெளிவார்.

கே.வி.குப்பம்: எங்கள் ஆயாவுக்கு மறதி நோய். என் அம்மாவையே 'நீ யாரு' என்கிறது. அன்றைக்குத் தம்பி போனில் தெருக்கூத்து பார்த்துக்கொண்டிருந்தான், முகவீணை ஊதியதும் நிமிர்ந்து உட்கார்ந்து திரௌபதி பாட்டை முழுசாகப் பாடிவிட்டது. வீட்டில் எல்லாரும் அழுதுவிட்டோம். குணமாகிறதா மேடம்?

குணமாகவில்லை அம்மா, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். நாளைக்குக் காலையில் மறுபடியும் 'நீ யாரு' என்றால் உங்களுக்கு வலிக்கும், அதற்குத் தயாராக இருங்கள்.

ஆனால் நீங்கள் பார்த்தது உண்மை. ஜெர்மனியில் லைப்சிக்கில் மூளை ஸ்கேன்களை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள், 2015இல் வந்தது. நெடுநாள் பழகிய பாட்டை அடையாளம் காணும்போது வேலை செய்யும் பகுதிகள், அல்சைமர் என்கிற மறதி நோயில் மற்ற பகுதிகளைவிடக் குறைவாகவே சுருங்குகின்றன என்று அதில் தெரிந்தது. பேர், முகம், காலையில் என்ன சாப்பிட்டோம் என்பதெல்லாம் போன பிறகும் பாட்டு நிற்பதற்கு இது ஒரு காரணம். தவிர, பாட்டில் ஒரு வரி முடியும்போதே அடுத்த வரி மெட்டோடு வந்து நிற்கிறது, தேடி எடுக்க வேண்டியதில்லை.

இனி நீங்கள் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். வயசானவர்கள் ஆயிற்றே என்று காலையும் மாலையும் பக்திப் பாட்டைப் போட்டுவிட்டு நம் வேலையைப் பார்க்கப் போவதுதான் பெரும்பாலான வீடுகளில் நடக்கிறது. எனக்கு இதில் கோபமே உண்டு. ஆயா என்ன பிறக்கும்போதே ஆயாவா? அவருக்குப் பதினைந்து வயசாக இருந்தபோது ஊரில் என்ன கேட்டது என்று விசாரியுங்கள். நம் வடாற்காட்டுப் பக்கம் என்றால் பாரதக் கூத்துதான் முதலில் வரும், கோடையில் திரௌபதி அம்மன் கோயிலில் விடிய விடிய ஆர்மோனியமும் மத்தளமும் கேட்டு, பாரதப் போரின் முடிவைக் காட்டும் படுகளம் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தவர்கள். கல்யாண வீட்டுக் குழாய் ஸ்பீக்கரில் ஓடிய சினிமாப் பாட்டு இருக்கும், சிலோன் ரேடியோ இருக்கும். மேல்விஷாரத்தில் ஒரு பெரியவருக்கு நாகூர் ஹனிபாவின் குரல் கேட்டால் போதும், முகம் தெளிந்துவிடும். வள்ளிமலையில் திருப்புகழ் பாடியே வளர்ந்தவர் என்றால் சரி, அவருக்குத் திருப்புகழ்தான் மருந்து, நான் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். எது அவர்களுடையதோ அதைப் போடுங்கள் என்கிறேன்.

ஒரு நேரத்துக்கு கால் மணி, இருபது நிமிஷம் போதும். டிவியை அணைத்துவிடுங்கள். யூடியூப்பில் நடுவில் திடீரென்று விளம்பரம் கத்தும், மறதி நோய் உள்ளவர்கள் அதில் மிரண்டுபோவதைப் பார்த்திருக்கிறேன், அதனால் பாட்டுகளை ஒரு பென் டிரைவில் போட்டுக்கொள்ளுங்கள். சாயங்காலம் இருட்டும் நேரத்தில் சிலருக்குப் பதற்றம் கூடும், அதற்குச் சற்று முன்னால் வைத்துப் பாருங்கள். முக்கியமாக, கூடவே உட்காருங்கள், முகத்தைப் பாருங்கள். முகம் சுளித்தாலோ எழுந்து போகப் பார்த்தாலோ உடனே நிறுத்திவிட வேண்டும், ஏனென்றால் அந்தப் பாட்டோடு என்ன ஒட்டியிருக்கிறது என்று நமக்குத் தெரியாது, செத்துப்போன பிள்ளைகூட இருக்கலாம்.

ஆம்பூர்: நைனாவுக்குப் பக்கவாதம் வந்து இரண்டு மாதம் ஆகிறது. வலது கை வரவில்லை, பேச்சும் இல்லை. ஆனால் பழைய பாட்டு ஓடினால் வார்த்தையோடு பாடுகிறார். அப்படியென்றால் பேச முடியும்தானே, வேண்டுமென்றே பேசாமல் இருக்கிறாரா?

தயவுசெய்து அப்படி நினைக்காதீர்கள், அவரிடம் சொல்லியும் விடாதீர்கள். பெரும்பாலானவர்களுக்குப் பேச்சைக் கட்டுவது மூளையின் இடது பக்கம், அங்கே அடிபட்டால் வலது கையும் பேச்சும் சேர்ந்து போகும். மெட்டுக்கு வலது பக்கத்தின் பங்கும் பெரியது. அதனால் பாட்டு வருகிறது, 'தண்ணி கொடு' வரவில்லை. இதை வைத்தே 1973இல் அமெரிக்காவில் ஒரு பயிற்சியை உருவாக்கினார்கள்: தினமும் தேவைப்படும் சின்ன வாக்கியத்தைச் சும்மா இரண்டு ஸ்வரத்தில் இழுத்துச் சொல்லி, இடது கையால் ஒவ்வோர் அசைக்கும் தட்டி, சேர்ந்து சொல்லி, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக மெட்டைக் குறைத்துப் பேச்சுக்குக் கொண்டுவருவது. எல்லாருக்கும் பலிக்காது. மற்றவர்கள் பேசுவது நன்றாகப் புரிந்து, தனக்குப் பேச்சு மட்டும் தடைபட்டவர்களுக்கு வாய்ப்பு அதிகம். ஒரு ஸ்பீச் தெரபிஸ்ட் சோதித்துத்தான் சொல்ல முடியும், இந்த வாரமே போங்கள்.

வேலூரில் வைத்தியத்துக்கு வங்காளத்திலிருந்து எவ்வளவு பேர் வருகிறார்கள் என்று உங்களுக்கே தெரியும். எனக்கு அவர்கள் பாஷை தெரியாது. பேச்சு போன ஒரு பெரியவருக்கு அவர் மகனைக் கேட்டு ஒரு பாட்டின் முதல் வரியை மட்டும் கற்றுக்கொண்டு, தப்பும் தவறுமாகப் பாடினேன். உச்சரிப்பைத் தாங்க முடியாமல் அவர் திருத்திப் பாடினார் பாருங்கள், அங்கேதான் ஆரம்பித்தோம்.

வீட்டிலும் பாட்டு வையுங்கள். பின்லாந்தில் பக்கவாதம் வந்த 60 பேரை மூன்று குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு மட்டும் அவர்களே தேர்ந்தெடுத்த பாட்டை இரண்டு மாதம் தினமும் கேட்கக் கொடுத்தார்கள் (2008). வார்த்தை ஞாபகமும் கவனமும் அந்தக் குழுவுக்கு நன்றாகத் தேறின, மனச்சோர்வும் குறைவாக இருந்தது.

குடியாத்தம்: எங்கள் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவில் பம்பை அடிக்க ஆரம்பித்தாலே உடம்பு சிலிர்த்து முடி நட்டுக்கொள்கிறது. சாமியா, நரம்பா?

சாமி விஷயத்தில் நான் தலையிட மாட்டேன், கெங்கையம்மனுக்கு நானும் பயப்படுகிறவள். உடம்பில் நடப்பதை மட்டும் சொல்கிறேன். மிகவும் பிடித்த இசையில் சிலிர்ப்பு வரும்போது மூளையில் டோபமைன் என்கிற, சந்தோஷத்தோடு சம்பந்தப்பட்ட ரசாயனம் சுரப்பதைக் கனடாவின் மாண்ட்ரியலில் ஸ்கேன் எடுத்துக் காட்டினார்கள் (2011). அதில் எனக்குப் பிடித்தது, உச்சக்கட்டம் வரும் முன்பே, 'இதோ வரப்போகிறது' என்று காத்திருக்கும்போதே மூளையின் வேறோர் இடத்தில் அது சுரக்க ஆரம்பித்துவிடுகிறது. சின்ன வயசிலிருந்து அந்தப் பம்பையைக் கேட்டவருக்கு அடுத்து என்ன வரும் என்று தெரியும். வெளியூர்க்காரருக்கு அதே இடத்தில் காது வலிக்கலாம்.

ராணிப்பேட்டை: எனக்கு எந்தப் பாட்டு கேட்டாலும் ஒன்றும் தோன்றுவதில்லை. கல்நெஞ்சம் என்கிறாள் மனைவி.

நூற்றில் சில பேர் இப்படி உண்டு. காது சரியாக இருக்கும், மற்ற சந்தோஷம் எல்லாம் இருக்கும், இசை மட்டும் தொடாது. பார்சிலோனாவில் இதை ஆராய்ந்திருக்கிறார்கள். நோய் இல்லை. இந்தப் பதிலை மனைவியிடம் காட்டுங்கள்.

ஆரணி: எங்கள் கல்யாணத்தில், 1989இல், மணமேடைக்கு நான் வந்தபோது ஓடிய பாட்டு இன்றைக்கும் காதில் இருக்கிறது. மகன் தேடிப் பார்த்துவிட்டு அந்தப் படமே 1991இல்தான் வந்தது என்கிறான். நான் பொய்யா சொல்கிறேன்?

பொய் இல்லைங்க, ஆனால் மகன் சொல்வது சரியாகத்தான் இருக்கும். பாட்டு கிளப்பும் ஞாபகம் மிகத் துல்லியமாக, வாசனையோடு வரும், அதனாலேயே அது நடந்தபடியே இருக்கிறது என்று நம்பிவிடுவோம். தெளிவாக வருவது வேறு, சரியாக இருப்பது வேறு. ஒவ்வொரு முறை நினைக்கும்போதும் ஞாபகம் கொஞ்சம் மறுபடி கட்டப்படுகிறது. கல்யாண வீடியோவுக்குப் பிற்பாடு அந்தப் பாட்டைச் சேர்த்திருப்பார்கள், அதையே வருஷக்கணக்காகப் பார்த்திருப்பீர்கள், என் சந்தேகம் அதுதான். கேசட்டின் தேதியைப் பாருங்கள்.

வேலூர், பெயர் வேண்டாம்: கணவர் போன வருஷம் இறந்துவிட்டார். அவர் பாடும் ஒரு பாட்டு பழைய பஸ் ஸ்டாண்டில் ஓடியது, நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். அந்தப் பாட்டைக் கேட்காமலே இருக்கலாமா?

இருக்கலாம். கேட்டே பழக வேண்டும் என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். ஆனால் ஊரில் பாட்டு எங்கே வேண்டுமானாலும் வரும், எதிர்பாராமல் வரும்போதுதான் அடி பலமாக விழுகிறது. என்றாவது தைரியம் வந்தால், வீட்டில், கூட ஒருவர் இருக்கும்போது, நீங்களே போட்டு நீங்களே நிறுத்திப் பாருங்கள். நிறுத்தும் பட்டன் உங்கள் கையில் இருப்பது பெரிய வித்தியாசம். போனிலிருந்து அழித்துவிட மட்டும் அவசரப்பட வேண்டாம். தூக்கம், சாப்பாடு எல்லாம் வாரக்கணக்கில் கெட்டுப்போயிருந்தால் 14416க்குப் பேசுங்கள், அரசின் இலவச மனநல உதவி எண், தமிழிலேயே பேசலாம்.

பாகாயம்: ஏழு மாதக் கர்ப்பம். வயிற்றில் ஹெட்போன் வைத்துப் பாட்டு போட்டால் பிள்ளை அறிவாளியாகப் பிறக்கும் என்கிறார்கள்.

ஹெட்போன் வேண்டாம். 25 வாரத்தை ஒட்டியே பிள்ளைக்குக் கேட்க ஆரம்பித்துவிடும், உன் குரல்தான் மற்ற எதையும்விட நன்றாகக் கேட்கும். கடைசி மூன்று மாதத்தில் திரும்பத் திரும்பக் கேட்ட மெட்டைப் பிறந்த பிறகும் குழந்தைகளின் மூளை அடையாளம் காண்கிறது என்று ஹெல்சிங்கியில் பார்த்திருக்கிறார்கள். அறிவு கூடும் என்பதற்கு ஆதாரம் இல்லை. நீயே பாடு, சுருதி சேராவிட்டாலும் அது குறை சொல்லாது.

வாலாஜா, அப்பாவுக்காக: அப்பாவுக்கு 74, காது மெஷின் வாங்கினோம். பேச்சு கேட்கிறது, ஆனால் நாதஸ்வரமும் புல்லாங்குழலும் நடுங்குகிற மாதிரி கேட்கிறதாம், பாட்டு கேட்பதையே விட்டுவிட்டார்.

இதைக் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள், நல்ல வேளை நீங்கள் கேட்டீர்கள். மெஷின் பேச்சுக்காகச் செய்யப்பட்டது. நீளமாக, சீராக ஒலிக்கும் சத்தம் வந்தால் அது மெஷினே சில நேரம் போடும் 'கீ' என்ற விசில் சத்தம் என்று நினைத்து அடக்கப் பார்க்கும், புல்லாங்குழல் அதில் மாட்டிக்கொள்கிறது. பெரிய சத்தத்தையும் அமுக்கிவிடும். மெஷின் வாங்கிய இடத்தில் ஆடியாலஜிஸ்டிடம், அதாவது காது கேட்கும் திறனைச் சோதிக்கும் நிபுணரிடம் போய், பாட்டு கேட்க மட்டும் தனியாக ஒரு மியூசிக் புரோகிராம் போட்டுத் தரச் சொல்லுங்கள், பெரும்பாலான டிஜிட்டல் மெஷின்களில் முடியும். போகும்போது அப்பாவையும் அவருக்கு மிகவும் பழகிய பாட்டையும் கூட்டிக்கொண்டு போங்கள், அங்கேயே போட்டுக் காட்டி, அவர் சரி என்று தலையாட்டும்வரை எழுந்து வராதீர்கள்.