7, 11 சேனல்கள் மட்டும் வரவில்லை என்றால் டிவியைக் குறை சொல்லாதீர்கள்

வணக்கம் நண்பரே. நியூஜெர்சியின் எடிசன் ஊரில் உள்ள உங்கள் வீட்டில் கேபிளை நிறுத்திவிட்டு ஜன்னலில் தட்டை ஆண்டெனா ஒட்டியதாகவும், 2, 4, 5 சேனல்கள் பளிச்சென்று வருவதாகவும், 7, 11 மட்டும் வரவில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து புது டிவி வாங்கிவிடாதீர்கள்.

திரையில் 2, 4, 5 என்று காட்டினாலும் நியூயார்க்கில் அவை யுஎச்எஃப் என்ற குட்டை அலைவரிசையில்தான் வருகின்றன. 7, 11 இரண்டும் இன்னும் அதைவிட நீளமான விஎச்எஃப் அலைவரிசையில் இருக்கின்றன. அந்த அலையின் நீளம் ஏறக்குறைய ஒன்றரை மீட்டர். சின்னத் தகடு அதைப் பிடிக்கத் திணறும். பழைய இரட்டைக் கம்பி ஆண்டெனா, முயல் காது மாதிரி இருக்குமே, அதுதான் இதற்குச் சரி. ஒவ்வொரு கம்பியையும் சுமார் 40 செ.மீ. இழுத்துக் கிடையாக விரியுங்கள். ஒளிபரப்புக் கோபுரங்கள் இருக்கும் மன்ஹாட்டன் உங்களுக்கு வடகிழக்கே இருக்கிறது. கம்பிகள் அந்தத் திசைக்குக் குறுக்காக இருக்கட்டும். நகர்த்தியதும் டிவியில் மறுபடி சேனல் ஸ்கேன் செய்யுங்கள்.

பக்கத்தில் எல்இடி விளக்கு இருந்தால் அணைத்துப் பாருங்கள். மட்டமான விளக்குகள் விஎச்எஃப்பைக் கெடுத்துவிடும். எங்கள் வீட்டில் ஒரு மேசை விளக்கால் 7 இரண்டு வாரம் காணாமல் போனது! அப்படியும் வராவிட்டால் பரண்தான் அடுத்த இடம். சிக்னலைப் பெருக்கும் பூஸ்டரைக் கடைசியாக யோசிக்கலாம்.

அப்புறம், அம்மாவின் சன் டிவி தொடர்கள் ஆண்டெனாவில் வராது. அதற்கு மட்டும் இணையத்தில் பார்க்கும் சன் நெக்ஸ்ட் சந்தா எடுங்கள். மற்ற இணையச் சந்தாக்களை மாதம் ஒன்றாக மாற்றி மாற்றி எடுத்தாலே போதும்.