சட்டத்தரணியின் கட்டணமும் கட்சிக்காரரின் கணக்கும்

கேள்வி: மதிப்புக்குரிய ஐயா, எங்கள் தந்தையார் விட்டுச்சென்ற கடைக் காணி தொடர்பாக ஹட்டன் மாவட்ட நீதிமன்றத்தில் வழக்கு நடக்கிறது. முழு வழக்குக்கும் ஒரே தொகை என்று தொடக்கத்தில் வாய்மொழியாகச் சொன்ன சட்டத்தரணி, இப்போது தவணைக்குத் தவணை தனியாகப் பணம் கேட்கிறார், பற்றுச்சீட்டும் தருவதில்லை. வேறொருவரை அமர்த்தப் போகிறோம் என்றதும், பாக்கியைக் கட்டாமல் காணி உறுதி கைக்கு வராது என்கிறார். பிரதம நீதியரசருக்கு முறைப்பாடு எழுதலாமா?
– வாசகி, ஹட்டன்

பதில்: அம்மா, முறைப்பாட்டை இப்போதைக்கு ஒத்திவையுங்கள். பிரதம நீதியரசருக்குச் சத்தியக் கடதாசியுடன் அனுப்பப்படும் முறைப்பாடு, சட்டத்தரணியின் ஒழுக்கத்தைப் பற்றியது. கட்சிக்காரரின் பணத்தைக் கையாடியவர், ஏமாற்றியவர் ஆகியோரை 1978 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்க நீதித்துறைச் சட்டத்தின் கீழ் உயர் நீதிமன்றம் இடைநிறுத்தவோ நீக்கவோ முடியும். கட்டணம் அதிகம் என்ற மனக்குறையை மட்டும் அங்கே கொண்டுபோனால், உங்கள் கணக்கு அதனால் குறையப் போவதில்லை.

உங்களுக்கு உதவக்கூடியது குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை. பதிவுசெய்யப்பட்ட சட்டத்தரணி, அதாவது நீங்கள் கையொப்பமிட்ட புரொக்ஸியை (உங்கள் சார்பில் வழக்கை நடத்த அவருக்கு அதிகாரம் தரும் பத்திரத்தை) நீதிமன்றத்தில் தாக்கல் செய்தவர், தமது கட்டணத்துக்காக உங்கள் மீது வழக்குத் தொடர விரும்பினால், கட்டணங்களையும் செலவுகளையும் காட்டித் தாம் கையொப்பமிட்ட விவரக் கணக்கொன்றை முதலில் உங்களிடம் ஒப்படைத்து, அதன்பின் ஒரு மாதமாவது பொறுத்திருக்க வேண்டும். அந்தக் கணக்கை நீதிமன்றப் பதிவாளர் பரிசீலித்துத் தொகையை நிர்ணயிப்பதற்கும், அவர் முடிவில் திருப்தியில்லாதவர் நீதிமன்றத்தை நாடுவதற்கும் அதே கோவையில் இடமுண்டு. எனவே நீங்கள் முதலில் எழுத வேண்டியது முறைப்பாட்டை அல்ல, "இதுவரை கொடுத்த தொகையையும் இனிச் செலுத்த வேண்டியதையும் காட்டி, கையொப்பமிட்ட கணக்குத் தாருங்கள்" என்று கேட்கும் ஒரு கடிதத்தை. அதைப் பதிவுத் தபாலில் அனுப்பிப் பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். கணக்கு வந்ததும் முத்திரைச் செலவு, பிஸ்கால் (அழைப்பாணை போன்றவற்றைச் சேர்ப்பிக்கும் நீதிமன்ற அலுவலர்) செலவு, நில அளவையாளருக்குக் கட்டிய பணம் ஆகியவற்றைச் சட்டத்தரணியின் ஊதியத்திலிருந்து பிரித்துப் பாருங்கள். பெரும்பாலான சண்டைகள் இவை இரண்டும் ஒரே தொகையாகக் கலந்து பேசப்படுவதால் வருபவை. நீதிமன்ற வாசலில் பணத்தாளை மடித்துக் கையில் திணித்துவிட்டு வரும் பழக்கம் நம்மவரிடமும் இருக்கிறது. வங்கிச் சிட்டையோ தொலைபேசிச் செய்தியோ இருந்தால், கொடுத்ததற்கு அதுவும் ஆதாரமாகும்.

சட்டத்தரணியை மாற்றுவதானால், பழைய புரொக்ஸியை நீங்கள் எழுத்தில் கையொப்பமிட்டு, அவருக்கு அறிவித்தல் கொடுத்து, நீதிமன்றத்தின் அனுமதியுடன் இரத்துச் செய்ய வேண்டும். அதுவரை கோப்பில் அவரே உங்கள் சட்டத்தரணி. காணி உறுதி கைக்கு வரவில்லை என்பதற்காக வழக்கை நிறுத்த வேண்டாம். பதிவுசெய்த உறுதியின் சான்றுப்படுத்திய பிரதியைக் காணிப் பதிவகத்தில் விண்ணப்பித்துப் பெறலாம். வழக்கில் ஏற்கெனவே முன்வைத்த ஆவணங்களின் பிரதியை நீதிமன்றப் பதிவகத்தில் கேட்கலாம். வசதி குறைந்தவர்களாயின் 1978 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த சட்ட உதவி ஆணைக்குழுவின் நிலையத்துக்குச் செல்லுங்கள்.

கேள்வி: கொழுந்து பறித்து ஓய்வுபெற்ற என் தாயாரின் பணிக்கொடையை வாங்கித் தர மூன்றிலொரு பங்கு கேட்கிறார் ஒரு தரகர். கொடுக்கலாமா?
– வாசகர், பொகவந்தலாவை

பதில்: கொடுக்காதீர்கள். 1983 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டப்படி, ஐந்தாண்டுக்குக் குறையாமல் உழைத்த நாட்சம்பளத் தொழிலாளருக்கு முழுமையான ஒவ்வோர் ஆண்டுக்கும் 14 நாள் சம்பளம் சேர வேண்டும். அதுவும் வேலை முடிந்து 30 நாட்களுக்குள். தராவிட்டால் தொழில் திணைக்களத்தின் உங்கள் பகுதி அலுவலகத்தில் முறையிடலாம். அதற்குத் தரகரும் தேவையில்லை, சட்டத்தரணியும் தேவையில்லை. சேவைக்கால விவரமும் சம்பளச் சிட்டைகளும், கூட வருவதற்குத் தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவரும் இருந்தால் போதும்.