பவர் யோகா வீடியோ: மணிக்கட்டு வலிக்கு போன் இருக்கும் இடமும் காரணம்

சேலம் செவ்வாய்ப்பேட்டையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். வயது 38, கொலுசுப் பட்டறையில் வேலை. ஆறு மாதமாகத் தொடக்கநிலை யோகா வீடியோ பார்த்து வீட்டிலேயே செய்தவர், போன மாதம் 45 நிமிட இடைநிலை பவர் யோகாவுக்கு மாறியிருக்கிறார். இப்போது வலது மணிக்கட்டும் தோளின் முன்பக்கமும் வலிக்கிறதாம். "வீடியோவை மாற்றட்டுமா, யோகாவையே விட்டுவிடட்டுமா?" என்று கேட்கிறார்.

விட வேண்டாம். வீடியோவையும் உடனே மாற்ற வேண்டியதில்லை. முதலில் அதில் சதுரங்க தண்டாசனம், அதாவது கையையும் கால்விரலையும் ஊன்றி, முழங்கையை மடக்கித் தரையை நோக்கி இறங்கும் ஆசனம், எத்தனை முறை வருகிறது என்று எண்ணிப் பாருங்கள். இருபதைத் தாண்டினாலும் ஆச்சரியமில்லை. தொடக்கநிலையில் முட்டியைத் தரையில் ஊன்றி இறங்கியிருப்பீர்கள். இப்போது உடம்பின் பாரத்தில் பெரும்பகுதியை இரண்டு கைகள் தாங்குகின்றன. உங்கள் வலி பெரும்பாலும் இங்கிருந்துதான் வருகிறது என்பது என் கணிப்பு.

பவர் யோகாவின் வேர் மைசூரில் யோகா ஆசிரியர் பட்டாபி ஜோயிஸ் கற்பித்த அஷ்டாங்க வின்யாசம், அதாவது மூச்சோடு இணைத்து ஆசனங்களைத் தொடர்ச்சியாகச் செய்யும் முறை. 1990களில் அமெரிக்காவில் இந்தப் பெயர் பரவியது. மைசூர் முறையில் ஓர் ஆசனம் படிந்த பிறகே ஆசிரியர் அடுத்ததைச் சொல்லித் தருவார். வீடியோவுக்கு உங்களைத் தெரியாது. நிறுத்தச் சொல்லும் அந்த ஆசிரியர் வேலையையும் நீங்களேதான் பார்க்க வேண்டும்.

சதுரங்கத்தில் இறங்கும்போது முழங்கை விலாவை ஒட்டியிருக்கட்டும். உடம்பைக் கொஞ்சம் முன்னே நகர்த்தினால்தான் முன்கை செங்குத்தாக நிற்கும். தோள் முழங்கை மட்டத்துக்கு வந்ததும் நின்றுவிடுங்கள். அதற்கும் கீழே போனால் தோள் முன்னால் துருத்திக்கொண்டு, தசை தாங்க வேண்டிய பாரம் மூட்டில் இறங்கும். முட்டியை ஊன்றி, நான்கு எண்ணும் நேரத்துக்கு மெதுவாக இறங்கிப் பாருங்கள். கடைசி எண்ணில் நெஞ்சு 'தொப்'பென்று விழுந்தால், முழுச் சதுரங்கத்துக்குக் கை இன்னும் தயாராகவில்லை. தொடர்ந்து பத்து முறை விழாமல் இறங்க முடிகிறவரை முட்டி தரையிலேயே இருக்கட்டும். வீடியோவில் வருபவர் முட்டியைத் தூக்கினால் தூக்கட்டும்.

இன்னொன்று, போனை எங்கே வைக்கிறீர்கள்? நீங்கள் அதை எழுதவில்லை. ஆனால் ஒரு பக்கம் மட்டும் வலி என்றால் நான் முதலில் கேட்பது இதைத்தான். பக்கவாட்டில் நாற்காலி மேல் வைத்திருந்தால், பலகாசனத்தில் (கையை ஊன்றி உடம்பைப் பலகைபோல் நேராக வைப்பது) நிற்கும்போதே தலை அந்தப் பக்கம் திரும்பும், பாரமும் ஒரு கையில் சாயும். கையும் காலும் ஊன்றி இடுப்பை மேலே உயர்த்தும் அதோமுக சுவானாசனத்தில் தலையை நிமிர்த்திப் பார்த்தால் கழுத்தும் போச்சு. அதனால் புது வீடியோ என்றால் முதல் நாள் எதுவும் செய்யாமல், உட்கார்ந்து கடைசிவரை பாருங்கள். வரிசை மனதில் பதிந்துவிடும். மறுநாளிலிருந்து காதால் கேட்டுச் செய்யுங்கள். எங்காவது குழம்பினால் நிறுத்தி, எழுந்து, பார்த்துவிட்டு மறுபடி ஆரம்பிக்கலாம். வேகம் விட்டுப்போகுமே என்று கவலைப்படாதீர்கள்.

கொலுசு வேலையில் நாள் முழுக்கக் குனிந்து, மணிக்கட்டை மடக்கியே இருக்கிறீர்கள். அந்தக் கையை நேராகப் பாரத்தில் வைக்கக் கூடாது. ஐந்து நிமிடம் விரல்களையும் மணிக்கட்டையும் சுழற்றி, தோளைப் பின்னால் விரித்துவிட்டு ஆரம்பியுங்கள். கையை ஊன்றும்போது விரல்களை அகல விரித்து, கட்டைவிரல், ஆள்காட்டி விரல் அடிப்பகுதியை அழுத்துங்கள். பாரம் முழுவதும் உள்ளங்கையின் அடியில் விழக் கூடாது. அங்கே ஒரு துண்டை மடித்து வைத்தாலும் மணிக்கட்டு மடங்குவது குறையும்.

சேலத்து வெயிலையும் சொல்ல வேண்டும். சித்திரையில் உடம்பு சீக்கிரம் இளகிவிடும், நேற்று எட்டாத இடம் இன்று எட்டும். அதை வலு என்று எண்ணிக் கூடுதலாக இழுத்து, தசை பிடித்துக்கொண்டு வந்தவர்கள் என் வகுப்பில் உண்டு. விடியற்காலையில் செய்யுங்கள். வியர்வையில் கை வழுக்கினால் பாயின் தலைப்பில் பருத்தித் துண்டு விரியுங்கள். ஏற்காடு 1500 மீட்டர் உயரம். அங்கே போய்ச் செய்தால் இதற்கு நேர்மாறு, உடம்பு சூடேற சூரிய நமஸ்காரம் நாலைந்து சுற்று கூடுதலாக வேண்டும்.

சாப்பிட்டு மூன்று மணி நேரமாவது ஆகட்டும். ரத்த அழுத்தமோ கண் அழுத்தமோ இருந்தால், தலை கீழே போகும் ஆசனங்களுக்கு முன் மருத்துவரைக் கேளுங்கள். விரல் மரத்துப்போனாலோ, கையைத் தலைக்கு மேல் தூக்க முடியாமல் வலித்தாலோ, இரவில் வலியால் விழித்தாலோ இனி எந்த வீடியோவும் வேண்டாம். எலும்பு மருத்துவரையோ பிசியோதெரபிஸ்டையோ பாருங்கள்.

அதெல்லாம் இல்லையென்றால் இரண்டு வாரம் கையில் பாரம் விழும் ஆசனங்களை விட்டுவிட்டு, வீரபத்ராசனம் போன்ற நின்று செய்பவற்றை மட்டும் வாரம் மூன்று நாள் செய்யுங்கள். அப்புறம் முட்டி ஊன்றிய சதுரங்கம், முதல் வாரம் ஐந்து முறை மட்டும். வலி எட்டிப் பார்க்கவில்லையென்றால் எட்டு. எப்படி இருக்கிறது என்று எழுதுங்கள். போனை எந்தப் பக்கம் வைத்திருந்தீர்கள் என்பதையும் சேர்த்து.