சிடியும் கெடவில்லை, பிளேயரும் கெடவில்லை

கேள்வி: பணம் கட்டி டவுன்லோடு செய்த 110 எம்பி3 பாட்டுகளை ஒரே சிடியில் ரைட் செய்து அப்பாவுக்குக் கொடுத்தேன். கம்ப்யூட்டரில் நன்றாகப் பாடுகிறது. அப்பாவின் பழைய சிடி பிளேயரோ 'நோ டிஸ்க்' என்கிறது. கோளாறு எதில்?

பதில்: இரண்டிலும் இல்லை. 110 பாட்டு ஒரே சிடியில் அடங்கியது என்றீர்களே, அதிலேயே விஷயம் வெளிப்பட்டுவிட்டது. நீங்கள் எழுதியது டேட்டா சிடி. பென் டிரைவில் ஃபைலைப் போடுவது போலத்தான் அது. பழைய பிளேயருக்கு ஃபைல் என்றால் என்னவென்றே தெரியாது. சோனியும் பிலிப்ஸும் சேர்ந்து 1980-இல் வகுத்த ஆடியோ சிடி முறை மட்டும்தான் அதற்குத் தெரியும்: ஒலியை நொடிக்கு 44,100 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் 16 பிட் எண்ணாக, இடது வலது என இரண்டு சேனலில் எழுதுவது. எம்பி3 போல் சுருக்காமல் அப்படியே எழுதுவதால் ஒரு நிமிடப் பாட்டுக்கே ஏறக்குறைய 10 மெகாபைட் (எம்பி) ஆகும்.

அதனால் சிடி உறையில் இருக்கும் 700 எம்பியை மறந்துவிடுங்கள். பக்கத்தில் 80 நிமிடம் என்றும் போட்டிருப்பார்கள், உங்களுக்கு வேண்டியது அதுதான். நாலரை நிமிடப் பாட்டு என்றால் 17 போடலாம். உங்கள் 110 பாட்டுக்கு ஏழு சிடி வாங்குங்கள். விண்டோஸ் மீடியா பிளேயரில் 'பர்ன்' பகுதிக்குப் போய், 'டேட்டா சிடி' என்பதை 'ஆடியோ சிடி' என்று மாற்றினால் போதும். எம்பி3-இன் சுருக்கத்தை விரித்து எழுதும் வேலையை அதுவே பார்த்துக்கொள்ளும்.

வாங்கும்போது ஒருமுறை மட்டும் எழுதக்கூடிய சிடி-ஆர் என்று கேட்டு வாங்குங்கள். அழித்து எழுதலாமே என்று சிடி-ஆர்டபிள்யூவுக்கு ஆசைப்பட வேண்டாம். அது ஒளியைக் குறைவாகத்தான் திருப்பி அனுப்பும், பழைய பிளேயரின் லேசர் திணறிப்போகும். சிடியில் எழுதும் வேகத்தை 52-இல் வைக்காமல் 16-இல் வைப்பது என் பழக்கம். எழுதி முடித்ததும் சிடியின் அடிப்பக்கத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். எழுதிய வட்டம் ஒரு நிறத்திலும் எழுதாத வெளிவட்டம் இன்னொரு நிறத்திலும் தெரியும். எவ்வளவு இடம் மிச்சம் என்று எனக்கு அதிலேயே தெரிந்துவிடும்.

கேள்வி: எம்பி3-ஐ ஆடியோ சிடியாக்கினால் ஒலித்தரம் கூடுமா?

பதில்: கூடாது. சுருக்கும்போது வெட்டி எறிந்தது திரும்ப வராது. பாட்டு விற்கும் தளம் ஃபிளாக் (FLAC, ஒலியில் எதையும் வெட்டாமல் சுருக்கும் வகை) ஃபைல் கொடுத்தால் அதை எடுங்கள்.

கேள்வி: கச்சேரிப் பதிவை சிடியில் போட்டால் பாட்டுக்குப் பாட்டு இரண்டு விநாடி மௌனம் வருகிறது. கைதட்டல் பாதியில் அறுந்துபோகிறது.

பதில்: எழுதும் மென்பொருளில், சிடி முழுவதையும் நிறுத்தாமல் ஒரே மூச்சில் எழுதும் 'டிஸ்க் அட் ஒன்ஸ்' என்ற முறையைத் தேர்ந்தெடுத்து, இடைவெளியை 0 ஆக்குங்கள். அப்புறமும் லேசாக ஒரு வெட்டு கேட்டால் அது எம்பி3-இன் குணம். ஒவ்வொரு ஃபைலின் தலையிலும் வாலிலும் துளி மௌனத்தை அது ஒட்டிவிடும். இதற்கும் ஃபிளாக்தான் மருந்து.

கேள்வி: சந்தா கட்டும் செயலியில் டவுன்லோடு செய்த பாட்டை சிடியில் எழுதலாமா?

பதில்: முடியாது. பூட்டுப் போட்ட ஃபைல் அது, அந்தச் செயலிக்குள் மட்டும்தான் திறக்கும்.

முதல் கேள்வி கேட்டவருக்கு இன்னொன்று. ஏழு சிடியிலும் மேலே பெயர் எழுதுவீர்கள் அல்லவா? பால்பாயின்ட் பேனாவால் எழுதாதீர்கள். பாட்டு பதிந்திருக்கும் அடுக்கு, எழுத்து அச்சிட்ட மேல்பக்கத்துக்குச் சற்றுக் கீழேதான் இருக்கிறது. சிடி உள்ளிருந்து வெளிப்பக்கமாகப் பாடும். நான் ஒருமுறை விளிம்போரமாகப் பேனாவை அழுத்தி பாட்டுப் பட்டியலையே எழுதினேன், கடைசி மூன்று பாட்டும் போயின. மெத்தென்ற முனையுள்ள மார்க்கர் எடுத்துக்கொள்ளுங்கள்.