இன்ஜினுக்குள் நெருப்பும் நீரும்: கேள்வி பதில்

முப்பது ஆண்டுகளாகக் கார் இன்ஜின்களைப் பிரித்துப் பூட்டி வருகிறேன். வந்த கேள்விகளில் பெரும்பாலானவை சூட்டைப் பற்றியவை. அதனால் அவற்றுக்குச் சற்று விரிவாகவே பதில் எழுதியிருக்கிறேன்.

ஐயா, பெட்ரோல் இன்ஜினில் பிளக் பொறி கொடுக்கிறது. டீசல் இன்ஜினில் பிளக் இல்லையே, எப்படிப் பற்றுகிறது என்று பத்தாம் வகுப்பு படிக்கும் என் மகள் கேட்கிறாள்.

சைக்கிளுக்குக் காற்றடித்து முடித்ததும் பம்பின் அடிப்பகுதியைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், சுடும். காற்றை அழுத்தினால் சூடேறும். பெட்ரோல் இன்ஜின் காற்றை ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காகச் சுருக்குகிறது. டீசல் இன்ஜின் ஏறக்குறைய பதினாறில் ஒரு பங்கு வரை கொண்டுபோகிறது. அந்தக் காற்று 500 டிகிரி செல்சியஸைத் தாண்டிவிடுவதால், டீசலைத் தெளித்தவுடன் தானே பற்றிக்கொள்கிறது.

மற்றபடி இரண்டும் ஒரே வழிதான். சிலிண்டருக்குள் ஏறி இறங்கும் உருளையான பிஸ்டன் இறங்கிக் காற்றை இழுக்கும், ஏறி அழுத்தும், எரிந்த வாயு தள்ள மறுபடி இறங்கும், ஏறிப் புகையை வெளியேற்றும். இதற்குள், பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக மாற்றும் தண்டான கிராங்க் ஷாஃப்ட் இரண்டு சுற்று சுற்றிவிடும். நிமிடத்துக்கு 3,000 சுற்று ஓடும் இன்ஜினில், ஒரே சிலிண்டருக்குள் நொடிக்கு 25 முறை நெருப்பு மூளுகிறது. இதை மகளே கணக்குப் போட்டுப் பார்க்கட்டும்.

ரேடியேட்டரில் குழாய்த் தண்ணீரே ஊற்றலாமா? இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் வீண் செலவு என்கிறார் என் மாமா.

உங்கள் மாமா ஓட்டிய பழைய வண்டிகளுக்கு அது ஓரளவு பொருந்தியிருக்கலாம். வெந்நீர் அண்டாவின் அடியில் வெள்ளையாக உப்புப் படிவதைப் பார்த்திருப்பீர்கள். இன்ஜினின் நீர்ப்பாதைகளிலும் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களிலும் அதுதான் நடக்கும். கூலன்ட் துருவைத் தடுக்கிறது, கொதிநிலையையும் உயர்த்துகிறது. நடுவழியில் வேறு வழியில்லை என்றால், இன்ஜின் ஆறிய பிறகு நல்ல தண்ணீர் ஊற்றி ஊர் வந்து சேருங்கள். பிறகு சுத்தம் செய்து கூலன்ட் நிரப்பிவிடுங்கள்.

ரேடியேட்டர் மூடியைச் சாதாரண மூடி என்று நினைக்காதீர்கள். அதன் ஸ்பிரிங் உள்ளே அழுத்தத்தைத் தேக்கி வைப்பதால், தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கிறது. சூட்டில் மூடியைத் திறந்தால் அழுத்தம் இறங்கி, அத்தனையும் ஒரே நொடியில் பொங்கி ஆவியாகிப் பீறிடும். என்னிடம் வேலை பழகிய பையன் ஒருவன் ஈரத்துணியைப் போட்டு மூடியைத் திருகினான். முழங்கை வரை தோல் உரிந்துவிட்டது. அரை மணி நேரமாவது பொறுங்கள். மேல் ஹோஸைத் தொட்டுப் பார்த்து, சூடு நன்றாக அடங்கிய பிறகே மூடியில் கை வையுங்கள்.

அண்ணா, நெரிசலில் நின்றால் மட்டும் வெப்பமானி முள் ஏறுகிறது. நெடுஞ்சாலையில் இறங்கிவிடுகிறது.

முதலில் விசிறியைப் பாருங்கள். வேகமாகப் போகும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரை ஆற்றிவிடும். நின்றால் மின்விசிறிதான் ஆற்ற வேண்டும். வண்டியை நிறுத்தி, இன்ஜினை ஓடவிட்டு ஏசியைப் போடுங்கள். பெரும்பாலான கார்களில் உடனே விசிறி சுழலத் தொடங்கும். சுழலவில்லை என்றால் ஃபியூஸ், விசிறிக்கு மின்சாரம் கொடுக்கும் சுவிட்சான ரிலே, மோட்டார் என்று வரிசையாகச் சோதிக்கலாம். சரிசெய்யும் வரை, முள் ஏறினால் ஏசியை அணைத்துவிட்டு ஹீட்டரை முழுதாக வையுங்கள். அதற்குள் இருப்பதும் ஒரு சிறிய ரேடியேட்டர்தான். வியர்த்துக் கொட்டும், ஆனால் இன்ஜின் பிழைக்கும். முள் சிவப்பைத் தொட்டுவிட்டால் ஓரம் கட்டி இன்ஜினை அணைத்துவிடுங்கள்.

டைமிங் பெல்ட்டை அறும் வரை ஓட்டலாமா?

கூடாது. பிஸ்டனின் ஓட்டத்துக்கு ஏற்ப, காற்றும் புகையும் போய்வரும் வால்வுகளைத் திறந்து மூட வைப்பது இந்த பெல்ட்தான். பல இன்ஜின்களில் பெல்ட் அறுந்தால் பிஸ்டன் வால்வுகளில் மோதி அவற்றை வளைத்துவிடும். கையேட்டில் சொன்ன கிலோமீட்டரில் மாற்றிவிடுங்கள்.

ஆயில் கம்பியை உருவிப் பார்த்தேன். போன மாதம் கறுப்பாக இருந்த ஆயில் இப்போது பால் கலந்த காப்பி நிறத்தில் இருக்கிறது. கூலன்ட்டும் குறைகிறது. ஆயிலை மாற்றிவிட்டு ஓட்டலாமா?

கறுப்பைப் பற்றிக் கவலை வேண்டாம், கரியைத் தன்னோடு சுமப்பது ஆயிலின் வேலை. காப்பி நிறம் வேறு. ஆயிலோடு தண்ணீர் சேர்ந்திருக்கிறது. கூலன்ட்டும் குறைவதால், சிலிண்டர்களுக்கும் அவற்றின் மேல்மூடிக்கும் நடுவே கசிவைத் தடுக்கும் ஹெட் கேஸ்கெட் போயிருக்கவே வாய்ப்பு அதிகம். கிராங்க் ஷாஃப்ட்டுக்கும் பேரிங்குக்கும் நடுவே ஒரு மெல்லிய ஆயில் படலம் மட்டுமே இருக்கிறது. தண்ணீர் கலந்த ஆயில் அந்தப் படலத்தைத் தாங்காது, உலோகத்தோடு உலோகம் உரசும். புது ஆயில் ஊற்றினாலும் அதிலும் தண்ணீர் கலக்கும். காரை ஸ்டார்ட் செய்யாமல், இழுவை வண்டியில் ஏற்றிப் பணிமனைக்குக் கொண்டுபோங்கள்.